சாயமில்லாத கறுப்பு

பாகாயத்திலிருந்து ஆம்பூர் வரையில் உள்ளவர்களுக்குச் சாயத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. தோல் பீப்பாயில் புரளும், சாயம் ஊறும், மிச்சத் தண்ணீர் வெளியே போகும். தோல் கழிவுகள் பாலாற்றில் கலந்த கதை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வரைக்கும் போயிற்று.

துளிச் சாயமில்லாமல் ஒரு பொருள் கறுத்த கதையும் உண்டு.

1960-இல் அமெரிக்காவில் மைமன் என்பவர் கெம்புக்கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். 1965-இல் பிர்ன்பாம் என்பவர் அத்தகைய ஒளியைப் படிகத்தின்மேல் பாய்ச்சியபோது, ஆற்று மணலில் காற்று வரைவதுபோல வரிவரியாகக் கோடுகள் விழுந்தன. ஆனால் அந்நாளைய ஒளித்துடிப்பு நீளமானது. மாட்டுக்குச் சூடு போட்டால் தழும்பு சுற்றிலும் பரவித் தோலையே கெடுத்துவிடுகிறதல்லவா? அதே தொல்லைதான்.

துடிப்பைக் குறுக்கினால் அதன் உக்கிரம் கருவியையே உடைத்துவிடும். 1985-இல் டானா ஸ்ட்ரிக்லண்டும் அவருடைய ஆசிரியர் ஜெரார் மூரூவும் வழி கண்டார்கள்: துடிப்பை முதலில் நீட்டு, பிறகு வலுவேற்று, கடைசியில் சுருக்கு! 2018-இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

எவ்வளவு சுருக்கம் என்கிறீர்களா? ஒரு விநாடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. விநாடிக்குப் பூமியை ஏழரை முறை சுற்றும் ஒளி, அந்த நேரத்தில் தலைமயிரின் பருமனைக்கூடக் கடக்காது. எலெக்ட்ரான்கள் ஒளியை விழுங்குகின்றன. அணுக்களுக்குச் சூடு எட்டுவதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது. மேற்பரப்பு மட்டும் உருகி உறைகிறது. அக்கம்பக்கத்துக்குச் சேதம் மிகக் குறைவு.

1998-இல் ஹார்வர்டில் எரிக் மசூரின் குழுவினர் கந்தகம் சேர்ந்த வாயுவில் சிலிக்கனை வைத்து இத்துடிப்புகளைப் பொழிந்தார்கள். பளபளத்த சாம்பல் நிறத் தகடு கன்னங்கறேலென்று ஆயிற்று! அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஊசிக்காடு முளைத்திருந்தது. உள்ளே புகுந்த ஒளி ஊசிக்கு ஊசி மோதித் திரும்ப வழியின்றி அடங்கிப்போகிறது.

அந்தப் படிகத்தின் அணுவரிசை குலைந்ததா, இல்லையா? அதற்குச் சாட்சி சொல்வது நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறல்தான். வரிசை ஒழுங்காயிருந்தால் கூரிய கோடு காட்டும். குலைந்திருந்தால் கோடு அகன்று மங்கும்.

தோலுக்கு இந்த வித்தை பலிக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தோல் படிகமல்ல. ஆனால் தொட வேண்டியதை மட்டும் தொட்டு, அக்கம்பக்கத்தை விட்டுவிடும் தொழிலும் உலகில் உண்டு என்பதைப் பாலாற்றங்கரையில் வாழும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.