அந்தக் காலத்து அடி போல வருமா?

"அந்தக் காலத்துல எல்லாம்..." என்று ஒருவர் ஆரம்பித்தாலே, அடுத்து என்ன வரப்போகிறது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலத்து அரிசி, அந்தக் காலத்துப் பாட்டு, அந்தக் காலத்து கிரிக்கெட். குத்துச்சண்டை ரசிகர்களுக்கும் இந்த வியாதி உண்டு. ஜாக் டெம்ப்சியும் மைக் டைசனும் மோதியிருந்தால்? ஜோ லூயிஸும் முகமது அலியும் மோதியிருந்தால்? நூறு வருடமாக இந்தக் கேள்விகள் ஓயவில்லை.

ஓட்டப்பந்தயத்தில் இவ்வளவு தகராறு வராது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 வினாடியில் ஓடினார். 2009-ல் அதே பெர்லினில் உசைன் போல்ட் 9.58 வினாடியில் ஓடினார். தரை வேறு, காலணி வேறு என்று வாதாடலாம். ஆனால் கையில் ஒரு எண்ணாவது இருக்கிறது. குத்துச்சண்டையில் அந்த எண் கிடையாது. ஒருவன் எவ்வளவு பெரிய வீரன் என்பது அவன் எதிரில் யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. இறந்துபோனவரை எதிரில் நிறுத்த முடியாது. அதனால் அளவுகோலுக்குப் பதிலாக ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஞாபகம் ஒருபோதும் நடுவராக இருந்ததில்லை.

கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு

இந்தச் சண்டையைத் தீர்க்க 1967-ல் ஒருவர் கம்ப்யூட்டரை அழைத்தார். மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வொரோனர், எல்லாக் காலத்திலிருந்தும் 16 ஹெவிவெயிட் வீரர்களை எடுத்து ஒரு கற்பனைப் போட்டி நடத்தினார். குத்துச்சண்டை எழுத்தாளர்களிடமும் நிபுணர்களிடமும் ஒவ்வொரு வீரரின் வேகம், பலம், தாங்கும் சக்தி பற்றியெல்லாம் கேட்டு, அந்த விவரங்களை என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அது தந்த முடிவுகளை நேரடி வர்ணனை போல வானொலியில் ஒலிபரப்பினார்கள்.

முகமது அலி அப்போது யாரிடமும் தோற்காதவர். கற்பனைப் போட்டியில் அவரை வென்றது யார் தெரியுமா? 1905-லேயே ஓய்வு பெற்றுவிட்ட ஜிம் ஜெஃப்ரிஸ்! இறுதிப் போட்டியில் ராக்கி மார்சியானோ டெம்ப்சியை வீழ்த்தினார்.

அலி சும்மா இருக்கவில்லை. தன் பெயர் கெட்டுவிட்டது என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசமாகி, மார்சியானோவோடு ஒரு சினிமாச் சண்டை போட ஒப்புக்கொண்டார். 1969-ல் மயாமியில் படப்பிடிப்பு நடந்தது. 1956-லேயே ஓய்வு பெற்றிருந்த மார்சியானோ, உடல் இளைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். பல விதமான முடிவுகளைப் படம் பிடித்தார்கள். எது திரைக்கு வரும் என்று இருவருக்கும் தெரியாது. படம் வெளிவருவதற்குள், 1969 ஆகஸ்ட் 31 அன்று, 46-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார்.

1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டியபோது மார்சியானோ 13-வது சுற்றில் அலியை நாக்அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டிய பதிப்பிலோ, மார்சியானோவின் முகக் காயத்தால் சண்டை நிறுத்தப்பட்டு அலி ஜெயித்தார். ஒரே கம்ப்யூட்டர், ஒரே சண்டை, ஊருக்கு ஒரு முடிவு!

இதில் கம்ப்யூட்டர் மேல் என்ன தப்பு? மனிதர்கள் கொடுத்த அபிப்பிராயத்தைத்தான் அது திருப்பிக் கொடுத்தது. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தைப் பறிகொடுத்த ஒரு கறுப்பர் ஒரு பக்கம். 49 சண்டையிலும் தோற்காமல் ஓய்வு பெற்ற வெள்ளையர் மறுபக்கம். அன்றைய அமெரிக்காவில் பலர் எந்த முடிவைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார்கள் என்று ஊகிக்கக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

பட்டியல் போட்டவரின் வயது

நேட் ஃப்ளெய்ஷர் என்ற பெயரை குத்துச்சண்டை உலகம் மறக்காது. 1922-ல் 'தி ரிங்' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1972-ல் இறக்கும்வரை அதன் ஆசிரியர். எல்லாக் காலத்துக்குமான அவருடைய ஹெவிவெயிட் பட்டியலில் முதல் ஐந்து பேர்: ஜாக் ஜான்சன், ஜிம் ஜெஃப்ரிஸ், பாப் ஃபிட்ஸிம்மன்ஸ், ஜாக் டெம்ப்சி, ஜிம் கார்பெட். ஜோ லூயிஸுக்கு ஆறாவது இடம். மார்சியானோவுக்குப் பத்தாவது. அலிக்கு இடமே இல்லை.

ஃப்ளெய்ஷர் பிறந்தது 1887-ல். ஜெஃப்ரிஸ் சாம்பியன் ஆனபோது அவர் 11 வயதுப் பையன். ஜான்சன் பட்டம் வென்றபோது 21 வயது இளைஞர். முதல் ஐந்து பேருமே அவருக்கு நாற்பது வயது ஆவதற்கு முன்பு சாம்பியனாக இருந்தவர்கள். அவருக்கு நிற வெறி இருந்தது என்றும் சொல்ல முடியாது. முதலிடத்தைக் கறுப்பரான ஜான்சனுக்குத்தான் தந்தார். ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பே கிடைக்காத சாம் லாங்ஃபோர்டுக்கும் ஏழாவது இடம் தந்தார். அவருடைய சார்பு நிறத்தில் இல்லை, காலத்தில் இருந்தது.

அவர் மட்டுமா? 1950-ல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பில் அரை நூற்றாண்டின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரராக டெம்ப்சி தேர்வானார். 1950-ல் 45 வயதில் இருந்த ஒரு நிருபரை நினைத்துப் பாருங்கள். 1919-ல் டெம்ப்சி தன்னைவிட மிக உயரமான ஜெஸ் வில்லர்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே தள்ளியபோது, அவருக்கு வயது 14! அந்த வயதில் மனதில் விழுந்த அடி லேசில் போகுமா? 1999-ல் அதே நிறுவனம் நூற்றாண்டின் ஹெவிவெயிட்டைத் தேர்ந்தெடுத்தபோது அலிதான் முதலிடம். இடையில் டெம்ப்சியின் திறமை குறைந்துவிடவில்லை. வாக்களிப்பவர்கள் மாறிவிட்டார்கள்.

சங்கிலித் தொடர்

வேடிக்கை என்னவென்றால், வீரர்களே இதற்கு விதிவிலக்கு இல்லை. 1930-களில் லூயிஸ் வளர்ந்து வந்தபோது, அவர் இடது கையைத் தாழ்த்துகிறார் என்று குறை சொன்னவர்களில் முதியவர் ஜாக் ஜான்சனும் உண்டு. 1936-ல் ஷ்மெலிங் லூயிஸை வீழ்த்தியபோது ஜான்சனின் பேச்சு பலித்தது. அதே லூயிஸ் 1967-ல், தன் காலத்தில் அலி எதிரில் வந்திருந்தால் எப்படி அடித்திருப்பேன் என்று 'தி ரிங்' இதழில் விளக்கினார். அலிக்குப் பின் வந்த லாரி ஹோம்ஸ் 1978 முதல் 1985 வரை 20 முறை பட்டத்தைக் காத்தார். ஆனாலும் "அலி போல வருமா?" என்ற ஒரே கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்தார். மாமியார் கொடுமையை அனுபவித்த மருமகள் பின்னால் மாமியாரான கதைதான்.

வேடிக்கை இல்லாத பக்கம்

இதுவரை சிரித்துக்கொண்டே படிக்கலாம். 1910-க்குப் போனால் சிரிப்பு வராது.

1908-ல் ஜான்சன் சிட்னியில் பட்டம் வென்று முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளை அமெரிக்காவால் ஜீரணிக்க முடியவில்லை. "ஜெஃப்ரிஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்காது" என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு, பண்ணையில் இருந்த மனிதரைத் திரும்ப வளையத்துக்கு இழுத்து வந்தது. ஆறு வருடம் கையுறை போடாதவர் உடல் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தார். 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் ஜான்சன் அவரை 15-வது சுற்றில் முடித்தார். அன்று இரவு அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம். கறுப்பர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். சண்டைப் படத்தைப் பல ஊர்களில் தடை செய்தார்கள். 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று சட்டமே வந்தது. அது 1940 வரை நீடித்தது.

பழைய பெருமைப் பேச்சு ஒரு நிஜ மனிதரை அடிவாங்க வைத்தது. தெருவில் உயிர்களைப் பலிகொண்டது. சாட்சியான படத்தையும் மறைத்தது.

உடம்பும் விதியும்

"அப்படியானால் இன்றைய வீரர்கள்தான் சிறந்தவர்கள்" என்று முடித்துவிடலாமா? அதுவும் சார்புதான், திசை மட்டும் வேறு. மௌனப் படங்களை இன்றைய வேகத்தில் ஓட்டும்போது வீரர்கள் பொம்மை போலத் துள்ளுகிறார்கள். அதைப் பார்த்து "இவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது புரொஜெக்டரின் குற்றத்தை மனிதன் மேல் போடுவது. ஏறக்குறைய 300 சண்டை போட்டவர் ஹாரி கிரெப். ஜீன் டன்னியைத் தோற்கடித்த ஒரே மனிதர். அவர் சண்டை போடும் படம் ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. யூட்யூபில் இல்லை என்பதற்காக அவர் இல்லாமல் போய்விடுவாரா?

விதிகளும் வேறு. 1915-ல் ஜான்சன் - வில்லர்ட் சண்டைக்கு 45 சுற்று நிர்ணயித்திருந்தார்கள். அது 26-வது சுற்றில் முடிந்தது. பின்னால் 15 சுற்று ஆனது. 1982-ல் கொரிய வீரர் டுக் கூ கிம் அடிபட்டு இறந்த பிறகு 12 ஆகக் குறைந்தது. லென்னாக்ஸ் லூயிஸ் மொத்தமே 44 சண்டைதான் போட்டார். உடம்பும் வேறு. சுமார் 85 கிலோ எடையுள்ள மார்சியானோ இன்று இருந்தால் ஹெவிவெயிட்டில் அல்ல, அதற்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட்டில் இருந்திருப்பார். அதற்காக உயரம்தான் எல்லாம் என்றும் இல்லை. 2024-ல் உசிக், தன்னைவிட அரை அடி உயரமான டைசன் ஃப்யூரியை இரண்டு முறை வென்றார்.

எதைக் கேட்கலாம்?

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடலாம். "யார் யாரை அடித்திருப்பார்?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "தன் காலத்தில் யாரையெல்லாம் எதிர்கொண்டார்? யாரை எதிர்கொள்ளவில்லை?" என்ற கேள்விக்கு விடை உண்டு.

அந்தக் கேள்வியைக் கேட்டால் பொற்காலங்கள் கொஞ்சம் மங்கிப்போகின்றன. சாம்பியனாக இருந்த ஏழு வருடத்தில் டெம்ப்சி, முன்னணிக் கறுப்பின வீரர் ஹாரி வில்ஸோடு மோதவே இல்லை. சாம்பியன் ஆன பிறகு ஜான்சன்கூட சாம் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்புத் தரவில்லை. ஜான்சன் தோற்ற 1915-க்கும் லூயிஸ் வென்ற 1937-க்கும் இடையில், 22 வருடம், எந்தக் கறுப்பின வீரரும் ஹெவிவெயிட் பட்டத்துக்குப் போட்டியிட அனுமதிக்கப்படவில்லை.

கற்பனைச் சண்டைகளில் யார் ஜெயித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நடந்திருக்க வேண்டிய சண்டைகள் நடக்காமல் போனதில்தான் நிஜமான நஷ்டம். வில்ஸும் லாங்ஃபோர்டும் டெம்ப்சி காலத்து ஆட்கள், ஜான்சன் காலத்து ஆட்கள். அவர்களை வளையத்தில் சந்திக்கவிடாமல் தடுத்தது காலம் அல்ல, மனிதர்கள். அடுத்த முறை யாராவது "அந்தக் காலத்துல எல்லாம்..." என்று ஆரம்பித்தால், அந்தக் காலத்தில் வளையத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள்.