அஜந்தா ஓவியங்களின் மேல் ஓர் அரக்குப் படலம்: நிஜாம் அரசின் தொல்லியல் துறை குறித்துச் சில குறிப்புகள்

அஜந்தாவைப் பற்றிய நம் ஆய்வுரைகளில் இரண்டு காலங்களே பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று, வாகாடக மன்னன் ஹரிசேணனின் ஐந்தாம் நூற்றாண்டு. மற்றொன்று, ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி வேட்டைக்கு வந்த இடத்தில் குகைகளைக் கண்டு, பத்தாம் குகைத் தூணில் தன் பெயரைக் கீறிவிட்டுச் சென்ற 1819. மூன்றாவதாக ஒரு காலம் உண்டு. 1914இல் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வோவியங்களைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது ஹைதராபாத் சமஸ்தானத்தின் தொல்லியல் துறை. அந்தத் துறையின் செயல்களை அறியாமல் அஜந்தாவின் வண்ணங்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆபத்தானது என்பதே இப்பதிவின் வாதம்.

அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் குகைகளுக்கு நேர்ந்தவற்றை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். குகைகள் நிஜாமின் ஆட்சிப்பகுதியில் இருந்தன. ஆனால் ஆர்வமும் பணமும் வெளியிலிருந்து வந்தன. மதராஸ் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844 முதல் பல ஆண்டுகள் அங்கே தங்கி வரைந்த படிகளுள் பெரும்பாலானவை 1866இல் லண்டன் படிகமாளிகைத் தீயில் அழிந்தன. பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை மாணவர்களைக் கொண்டு எடுத்த படிகளிலும் பல, தென் கென்சிங்டனில் ஏற்பட்ட தீக்கு இரையாயின. படிகள் எரிந்தது ஒருபுறமிருக்க, தெளிவாகப் பார்த்து வரைவதற்காகச் சுவர்களில் பூசப்பட்ட வார்னிஷ் நாளடைவில் கறுத்தது. வந்தவர்களில் சிலர் நினைவுப்பொருளாகச் சுவரையே பெயர்த்துச் சென்றார்கள். அப்படிப் போன ஒரு துண்டு இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. போற்றியவர்களாலும் அஜந்தாவுக்குக் கேடு விளைந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

1914இல் துறை நிறுவப்பட்டபோது அதன் தலைமைக்கு வந்தவர் குலாம் யஸ்தானி. அரபு, பாரசீகக் கல்வெட்டுகளில் தேர்ந்தவர். 1943 வரை அப்பொறுப்பில் இருந்தார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவரான ஜான் மார்ஷலின் ஆதரவும், சமஸ்தான நிர்வாகத்தில் செல்வாக்குடைய அக்பர் ஹைதரியின் ஊக்கமும் அத்துறைக்குப் பின்பலமாக இருந்தன. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கே உரியது. சமஸ்தானங்களை அது கட்டுப்படுத்தவில்லை. ஹைதராபாத் தனக்கென ஒரு தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தை 1337 பசலியில், அதாவது 1927-28இல் இயற்றியது. (நம் ஊர் வருவாய்க் கணக்குகளில் பசலியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஹைதராபாத்தின் பசலி ஆண்டு தொடங்கும் மாதம் வேறு. துறையின் ஆண்டறிக்கைகளில் இரு ஆண்டுமுறைகளும் சேர்ந்தே வரும். மேற்கோள் காட்டும்போது ஓராண்டு தவறிவிடுவது எளிது.)

துறை பிறந்த மறு ஆண்டே, 1915இல், தங்கச் சுரங்கப் பொறியாளர் பீடன் மஸ்கியில் ஒரு பாறைக் கல்வெட்டைக் கண்டார். அதுவரை கிடைத்த சாசனங்கள் ‘தேவானாம்பிரிய பியதசி’ என்று மட்டுமே சொல்லிவந்த மன்னனை அது அசோகன் என்று பெயர் சொல்லி அழைத்தது. கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்த அந்தச் சாசனமே துறையின் வெளியீட்டு வரிசையில் முதல் எண். ஒரு சிறிய அலுவலகத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வாய்த்திருக்க முடியாது.

இனி, அஜந்தா. அங்குள்ள சிக்கல் பாறையில் மட்டும் இல்லை, பூச்சிலும் இருக்கிறது. கொத்திய கரும்பாறையின் மேல் மண், நார், உமி கலந்த பூச்சு. அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் படலம். அதற்கும் மேலேதான் வண்ணம். ஈரம் புகுந்தால் மண் பாறையை விட்டு விலகும்; பூச்சிகள் நாரைத் தின்னும்; வௌவால்களின் எச்சம் வண்ணத்தை அரிக்கும். உதிரும் பூச்சை நிறுத்த நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனியையும் அவருடைய துணைவர் ஓர்சினியையும் வரவழைத்தது. 1920-22இல் அவர்கள் இரண்டு பருவங்கள் வேலை செய்தார்கள். கழன்ற பூச்சைப் பாறையோடு மீண்டும் ஒட்டினார்கள், விளிம்புகளைக் கட்டினார்கள், அழுக்கைத் துடைத்தார்கள், இறுதியில் வண்ணத்தை நிலைநிறுத்த அரக்குக் கரைசலைப் பூசினார்கள்.

அந்த அரக்குதான் விவாதத்துக்குரியது. ஐரோப்பாவின் தேர்ந்த கைகள் அன்றைய அறிவின்படி செய்த வேலை அது. விழவிருந்த பல பகுதிகள் அதனால் நின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரக்கு காலப்போக்கில் மஞ்சளித்தது, புகைக்கரியையும் தூசியையும் தன்னுள் பிடித்துக்கொண்டது. இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பிற்காலத்தில் பல்லாண்டுகளைச் செலவிட்டது அப்படலத்தை நீக்கத்தான். ஆகவே, ‘அஜந்தாவின் பொன்மஞ்சள் சாயல்’ என்று ஒரு பழைய கலைநூல் வியக்கும்போது, அது ஓவியனின் தேர்வா, 1920களின் அரக்கா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அழகியல் முடிவுகள் சில இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே எழுதப்பட்டுவிட்டன.

என் மதிப்பீட்டில் துறையின் உண்மையான சாதனை இத்தாலியர்களின் வருகை அன்று. அவர்கள் போன பின்னும் அங்கே ஆள் இருந்தது. ஹெரிங்ஹாம் அம்மையார் 1909-11இல் நந்தலால் போஸ் முதலியோருடன் படியெடுத்தபோது உடனிருந்த ஹைதராபாத் ஓவியர் சையத் அகமது, பின்னர் குகைகளின் காப்பாளரானார். ஒவ்வொரு முகத்தையும் தூரிகையால் ஒருமுறை பின்தொடர்ந்த ஒருவர் காவலுக்கு இருப்பதும், சாவிக்கொத்துடன் ஒருவர் நிற்பதும் ஒன்றல்ல.

ஆவணப்படுத்தலும் அப்படியே. யஸ்தானி பதிப்பித்த ‘அஜந்தா’ நூலின் நான்கு பகுதிகள் 1930, 1933, 1946, 1955 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. வண்ணப் புகைப்படத்தின் துணையால், படியெடுப்பவரின் கை குறுக்கிடாத பதிவு பெருமளவில் முதன்முறையாகக் கிடைத்தது. 1930களில் மதராஸ் அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் பரமசிவன் அஜந்தாவின் பூச்சையும் நிறமிகளையும் ஆராய்ந்து, இது ஈரச் சுண்ணத்தில் வரையும் ஐரோப்பிய முறை அன்று, உலர்ந்த பரப்பில் பசை கலந்து தீட்டியது என்று காட்டினார். எந்தக் கரைசல் பாதுகாப்பானது என்பதை முடிவுசெய்ய இந்த அறிவு இன்றியமையாதது. அது செக்கோனி பூசி முடித்த பிறகு வந்தது என்பது காலத்தின் முரண்.

1951ஆம் ஆண்டுச் சட்டம் அஜந்தா, எல்லோரா உள்ளிட்டவற்றைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவித்தது. சில ஆண்டுகளில் பொறுப்பு மத்தியத் துறைக்குப் போனது. 1956இல் சமஸ்தானப் பரப்பே மூன்றாகப் பிரிந்து, அஜந்தா பம்பாய் மாநிலத்துக்கும் மஸ்கி மைசூருக்கும் சென்றன. மாநிலத் துறையிடம் எஞ்சியவை பெரும்பாலும் மத்தியப் பட்டியலில் இடம்பெறாதவை. இன்றைய மாநிலத் தொல்லியல் துறைகள் ஏன் இரண்டாம் நிலை அமைப்புகளாகப் பார்க்கப்படுகின்றன என்பதற்கு நிதிப்பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். அவற்றின் முதன்மையான பொறுப்புகள் சட்டத்தால் எடுத்துக்கொள்ளப்பட்ட வரலாற்றையும் உடன் சேர்க்க வேண்டும். ஹைதராபாத்தில் இதை நேரில் காணலாம்: கோல்கொண்டா கோட்டை மத்தியத் துறையிடம், கூப்பிடு தொலைவிலுள்ள குதுப் ஷாஹி கல்லறைகள் மாநிலத் துறையிடம். அந்தக் கல்லறை வளாகத்தில் 2013இல் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையோடு தொடங்கிய சீரமைப்பு, மாநிலப் பட்டியலில் உள்ளவை இயல்பிலேயே சிறியவை என்ற எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

கலைவரலாற்று மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நூலகத்தில் யஸ்தானியின் தொகுதிகள் இருந்தால், அவற்றை அழகிய படநூலாக மட்டும் புரட்ட வேண்டாம். முதலாம், பதினேழாம் குகைகளின் ஒரே காட்சியை அத்தட்டுகளிலும் அண்மைக்கால நிழற்படங்களிலும் அருகருகே வைத்து, எந்த விளிம்பு உதிர்ந்தது, எந்த நிறம் அரக்கு நீங்கியபின் குளிர்ந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஆண்டறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பசலியை மட்டும் கவனமாக மாற்றிக்கொள்ளுங்கள்.