பட்டறை நெல்லும் பிடியரிசியும்: கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளின் இருப்பு வரலாறு

எமது சமூகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் துறைமுகங்களையும் வணிகத்தையும் பள்ளிவாசல்களையும் அரசியல் தலைவர்களையும் பற்றி நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டு மூலையில் இருந்த நெற்பட்டறையைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. ஆனால் கடந்த நூறு வருடங்களில் இந்நாட்டுக்கு வந்த யுத்தம், தட்டுப்பாடு, வெள்ளம், சூறாவளி, ஊரடங்கு என்பவற்றில் அநேகமானவை சாதாரணக் குடும்பங்களுக்கு முதலில் உறைத்தது அந்த மூலையில்தான்.

என்னிடம் தமிழ் படிக்கும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக ஒரு வேலை கொடுத்து வருகிறேன். ஆபத்துக்கென்று அந்தக் காலத்தில் வீட்டில் என்னென்ன வைத்திருந்தார்கள் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரவேண்டும். அந்தக் கொப்பிகளில் இருந்தவற்றையும் எனது உம்மம்மாவிடம் நான் கேட்டறிந்தவற்றையும் நாடறிந்த சம்பவங்களோடு சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. எங்கட வீடுகளில் இருப்பு என்பது ஒருபோதும் தனி வீட்டுக் காரியமாக இருந்ததில்லை. உள்ளே போன நெல்லில் வெளியே போகவேண்டிய பங்கு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது.

மாரிக்கு முன்னர்

அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் கரையோர ஊர்கள் பலவற்றுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் வயலும். நவம்பர் தொடங்கித் தை மாதம் வரை வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிப்பதால் தோணி இறங்காது. தாழ்ந்த பாதைகளில் வெள்ளம் ஏறும். பெரும்போக வெள்ளாமை அறுவடைக்கு வருவது அதற்குப் பிறகுதான். ஆகவே பழைய நெல் முடிந்து புது நெல் வரும் வரைக்குமான அந்த இரண்டு மூன்று மாதங்கள் ஒவ்வொரு வருடமும் வந்துபோகும் ஒரு சிறிய அவசரகாலம். பெரிய ஆபத்துகளைத் தாங்கும் பழக்கம் இந்தச் சிறிய ஆபத்திலிருந்தே வந்தது எனலாம்.

மாணவர்களின் கொப்பிகளில் திரும்பத் திரும்ப வரும் பட்டியல் இது: நிலத்து ஈரம் படாதபடி பலகை போட்டு அதன்மேல் அமைத்த பட்டறையில் நெல், பூச்சி பிடிக்காமல் இருக்க இடையிடையே காய்ந்த வேப்பிலை, பானையில் பழப்புளி, உப்பு, காய்ந்த மிளகாய், கருவாடு, மாசி, வறுத்து இடித்த அரிசிமா, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், பரண் நிறைய விறகும் தேங்காய் மட்டையும். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகானால் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த உழ்ஹிய்யா இறைச்சி. 1957 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் பட்டறையின் பலகையை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டினார்கள் என்று ஒரு பிள்ளையின் மூத்தாப்பா சொல்லியிருக்கிறார். வெள்ளத்தின் அளவை அவர்கள் பலகையில்தான் குறித்து வைத்தார்கள்.

இந்த இருப்புக்கு அதிகாரி யார்? கிழக்கில் வீடு பெண் பிள்ளைக்குரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வயலும் களமும் ஆண்களின் கையில் இருந்தாலும், நெல் வீட்டுப்படி ஏறிய பிறகு அதன் கணக்கு உம்மாமாரின் கைக்குப் போய்விடும். எத்தனை மரைக்கால் அவிப்பது, எதை விற்க விடுவது, எதில் கை வைக்கவே கூடாது என்பதெல்லாம் அவர்கள் தீர்மானம். கை வைக்கக்கூடாதது விதைநெல். ஸூரா யூஸுபில் ஏழு வருட விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன யூஸுப் நபி (அலை), பஞ்ச வருடங்களிலும் ஒரு சிறு பகுதி காப்பாற்றி வைக்கப்படும் என்றே கனவுக்கு விளக்கம் சொல்கிறார். இந்த ஆயத்துக்குத் தப்ஸீர் படித்திராத எனது உம்மம்மா, “பசிச்சாலும் விதைநெல்லத் திண்டா அடுத்த வருசம் ஊடே இருக்காது மகன்” என்று சொல்லுவா.

வெளியே போகும் பங்கு இரண்டு இடங்களில் பிரிந்தது. ஒன்று களத்தில்: சூடடித்து முடிந்ததும் நெல் ஸகாத். மழையை நம்பி விளைந்ததில் பத்தில் ஒன்று, செலவிட்டு நீர் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒன்று. மற்றது அடுப்படியில்: உலையில் போடும் அரிசியிலிருந்து ஒவ்வொரு நேரமும் ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவது. இந்தப் பிடியரிசி கிழமைக்கொருமுறை மத்ரஸாவுக்கோ பள்ளிக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். தட்டுப்பாட்டு நாட்களில் பிடி சிறுத்தது, நிற்கவில்லை என்பதைப் பல கொப்பிகளில் வாசித்தேன்.

1942: கூப்பன் காலம்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி கப்பலில் வந்தது. அதில் பர்மா அரிசிக்குப் பெரும் பங்கு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அதே 9ஆந் திகதி மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. கிழக்குக் கரையாருக்கு யுத்தம் பத்திரிகைச் செய்தியாக இல்லாமல் கடற்கரைச் சத்தமாகவே வந்தது.

அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. கூப்பன் புத்தகமும் சங்கக்கடையும் அன்றாட வாழ்க்கைக்குள் நுழைந்தன. கோதுமை மாவும் பாணும் மரவள்ளியும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. நெல் விளையும் ஊர்களுக்கு இன்னொரு நெருக்கடி: தமது சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக மிஞ்சிய நெல்லை அரசாங்கத்துக்கு விற்க வேண்டும் என்ற கொள்வனவுத் திட்டமும் அந்த வருடமே வந்தது. அதுவரை குடும்பத்தின் மானமாக இருந்த நிறைந்த பட்டறை, இப்போது விதானையாருக்குக் கணக்குக் காட்டவேண்டிய பொருளாயிற்று. எது இருப்பு, எது பதுக்கல் என்ற கேள்வி சட்டத்தின் வாயிலிருந்து வந்து வீட்டு வாசலில் நின்றது.

பதுக்கல் என்ற சொல்

முஸ்லிம்களுக்கு இந்தச் சொல் லேசானதல்ல. 1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்குப் பரவிய கலவரத்துக்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்களில், முதலாம் உலக யுத்தத்தால் ஏறிய விலைவாசியும் அதற்காகக் கரையோர முஸ்லிம் வியாபாரிகள் மீது எழுந்த கோபமும் அடங்கும். குற்றம் செய்தவர் சிலரா பலரா என்று எவரும் நின்று எண்ணவில்லை. எரிந்த கடைகளில் நேர்மையாக விற்றவர்களின் கடைகளும் இருந்தன. விலையேறும் காலத்தில் ‘பதுக்கல்காரன்’ என்ற பெயர் ஒரு சமூகத்தின் மீதே ஒட்டிவிடும் என்பது எமக்கு அன்றே கிடைத்த பாடம்.

எமது மார்க்கம் இந்த வித்தியாசத்தை மிக முன்னரே வரையறுத்திருக்கிறது. விலை ஏறட்டும் என்று மக்களின் உணவை முடக்கி வைக்கும் இஹ்திகார் பாவமாகும். அதேநேரம் நபி (ஸல்) அவர்கள் தமது குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கான உணவை ஒதுக்கி வைத்ததாகவும் ஸஹீஹான அறிவிப்பு உண்டு. ஆகவே வைத்திருப்பது குற்றமல்ல. பிறகு எது குற்றம்? உழ்ஹிய்யா இறைச்சி பற்றிய ஹதீஸ் இதற்கு விடை தருகிறது. மக்கள் பசியால் வாடிய ஒரு வருடத்தில் நபியவர்கள் மூன்று நாளைக்கு மேல் இறைச்சியை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்றார்கள். நெருக்கடி நீங்கிய அடுத்த வருடம் உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்தார்கள். இறைச்சி அதே இறைச்சிதான். அடுத்த வீட்டின் பசியைப் பார்த்தே சட்டம் மாறியது. ஆபத்து வரும்போது இன்னும் அள்ளி உள்ளே வை என்று மனித சுபாவம் சொல்லும். ஹதீஸோ ஆபத்தில்தான் பானையைத் திறக்கச் சொல்கிறது.

தடைகளும் சூறாவளியும்

எழுபதுகளின் முதற்பாதியில் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேற, இலங்கையில் இறக்குமதி சுருங்கியது. விடியற்காலைப் பாண் கியூவை இன்று அறுபது தாண்டியவர்கள் எவரும் மறக்கவில்லை. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு வந்தது. பாதையில் தடை போட்டு மூட்டை முடிச்சுகளைச் சோதித்தார்கள். வயலூர்களில் நெல் இருந்தது. தூர ஊரில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு பை அரிசி கொடுத்தனுப்ப முடியவில்லை. பாணியில் பிசைந்த அரிசிமா உருண்டைகளைப் பலகாரம் என்று சொல்லிக் கொடுத்தனுப்பிய உம்மாமாரின் கதைகள் கொப்பிகளில் உண்டு.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்புப் பகுதியைச் சூறாவளி தாக்கியது. கூரை பறந்த வீடுகளில் பட்டறை நெல் நனைந்தது. நனைந்த நெல் சில நாளில் முளைவிடும்; அதன்பின் சோற்றுக்கும் உதவாது, விதைக்கும் உதவாது. கூரை தப்பிய வீட்டார் அடுத்தவரின் ஈரநெல்லை வாங்கி அவித்தும் வறுத்தும் தமது நெல்லோடு கலந்து இரு வீட்டுக்கும் சமைத்திருக்கிறார்கள். விழுந்த தென்னைகளின் தேங்காய் சில கிழமைக்குப் போதும். புதுத் தென்னை காய்க்கப் பல வருடம். கறியில் பால் குறைந்ததை வைத்தே சிலர் அந்த வருடங்களைக் கணக்கிடுகிறார்கள்.

இருப்பு உதவாத நாள்

1990 ஒக்டோபரை இந்த வரலாற்றின் கடினமான பக்கம் என்பேன். வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நிறைந்த பானையும் பரணும் பெட்டகமும் அங்கேயே கிடந்தன. மன்னார்ப் பக்கத்திலிருந்து பலர் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். எவ்வளவு முன்யோசனையோடு சேமித்த குடும்பமும் அன்று வெறுங்கையோடுதான் நின்றது.

அவர்களுக்குச் சோறு போட்டது யாருடைய இருப்பு? புத்தளத்தாரினதும் கற்பிட்டியாரினதும் இருப்பு. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தோட்டங்களும் வீட்டு விறாந்தைகளும் அகதிகளால் நிறைந்தபோது, அந்த ஊர் மக்கள் தமக்கென வைத்திருந்ததிலிருந்தே சமைத்தார்கள். உணவு குறையும்போது தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் அஷ்அரி கோத்திரத்தாரை நபியவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று புகழ்ந்ததாக ஹதீஸ் உண்டு. புத்தளத்தில் நடந்ததற்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26இல் இது இன்னொரு முறை நடந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையோர வீடுகளைக் கடல் சில நிமிடத்தில் வழித்தெடுத்தது. உள்நாட்டுப் பக்கமுள்ள சம்மாந்துறை போன்ற ஊர்கள் அன்றே அடுப்பு மூட்டின. வெளிநாட்டு நிவாரணம் வந்துசேரும் முன்னர் அந்த முதல் நாட்களைத் தாங்கியது வயலூர் வீடுகளின் அரிசி.

இன்று எங்கே நிற்கிறோம்

இப்போது வெட்டு மெசின் வயலுக்குள் இறங்குகிறது. ஈரநெல் வரம்பிலேயே லொறியேறி ஆலைக்குப் போகிறது. போடியார் வீட்டிலும் பைக்கற் அரிசிதான். பட்டறை இருந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி. 2020 மார்ச் ஊரடங்கின்போது கையில் காசிருந்தவர்கள் கடையை வழித்தெடுத்தார்கள். நாட்கூலிக்காரர் கடைக்குப் போனபோது தட்டுகள் காலி. அவர்களுக்கு உலர் உணவுப் பொதி கட்டப் பள்ளிவாசல்கள் பின்னர் ஓடவேண்டி வந்தது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் கேஸ், பால்மா, மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கியூ. பாவனையில்லாமல் கிடந்த விறகடுப்பைக் கழுவி மூட்டினோம். ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பிடியரிசிப் பானையைப் பல வீடுகளில் காணவில்லை.

பழைய பட்டறையைத் திரும்பக் கட்டச் சொல்லி நான் இதை எழுதவில்லை. மூன்று மாதத்துக்குரிய அரிசி, பருப்பு, உப்பு, மருந்து, தீப்பெட்டி, மெழுகுதிரி வைத்திருப்பது எந்தக் குடும்பத்துக்கும் நல்லது. அதை மலிவான காலத்தில், சந்தையில் பொருள் தாராளமாக உள்ளபோது சிறிது சிறிதாக வாங்க வேண்டும். பழையதை முதலில் எடுத்துச் சமைத்துப் புதியதைப் பின்னால் வைக்க வேண்டும். தட்டுப்பாடு வந்த பிறகு இரண்டு மூட்டை சேர்த்து வாங்குவது இருப்பல்ல. அது இன்னொருவரின் சோறு.

இரண்டாவது காரியம் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்குரியது. நெல் ஸகாத்தின் ஒரு பகுதியை மஹல்லாவின் ஏழைகளுக்காக நெல்லாகவே வாங்கி, அறுவடைக்கு முந்திய மாரி மாதங்களில் அவர்கள் கைக்குச் சேர்ப்பது பற்றி உலமாக்களிடம் கேட்டு முடிவெடுக்கலாம். பிடியரிசிப் பெட்டியை மீண்டும் வீடுகளுக்குக் கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு ஒரு பிடி பாரமில்லை.

மூன்றாவது, இதை வாசிக்கும் உங்களுக்கு. 1942ஐ நேரில் கண்ட உம்மம்மாமார் இப்போது மிகச் சிலரே. எழுபதுகளைக் கண்டவர்களும் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டில் என்ன வைத்திருந்தீர்கள்? அதில் யாருக்குக் கொடுத்தீர்கள்? ஒன்றுமில்லாத நாளில் உங்களுக்கு யார் தந்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடையில் பக்கத்துத் தமிழ் வீட்டாரின் பெயர்களும் சிங்கள விவசாயிகளின் பெயர்களும் வரும். எனது மாணவர்களின் கொப்பிகளில் வந்திருக்கின்றன. அவற்றையும் விடாமல் எழுதி வையுங்கள்.