ரசீதில் ஒரு வரி

திருநெல்வேலிப் பக்கம் வீட்டு வரியைத் 'தீர்வை' என்றுதான் சொல்வார்கள். தீர்வையைக் கட்டிவிட்டு ரசீதை மடித்து பீரோவில் வைப்பதோடு சரி, யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. எனக்கு பி.காம். படித்த தோஷம். எந்த ரசீதைப் பார்த்தாலும் கை கூட்டல் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்தத் தீர்வைக்குள் நூலக வரி என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ரூபாய்க்குப் 10 பைசா. 600 ரூபாய் சொத்து வரி என்றால் 60 ரூபாய் லைப்ரரிக்கு.

ஆக, பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை, தாமிரபரணிக் கரையில் சொந்த வீடு உள்ள அத்தனை பேரும் லைப்ரரிக்குப் பணம் கட்டுகிறார்கள். ஆயுளில் ஒரு தடவைகூட அதன் வாசல்படியை மிதிக்காதவர்கள் உட்பட!

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார்.

சீர்காழி ராமாமிர்தம் ரங்கநாதன். பிறந்தது 1892. ஆறு வயதில் அப்பாவை இழந்தவர். பேச்சில் கொஞ்சம் திக்குவாய். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு மங்களூர், கோயம்புத்தூர் என்று சுற்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் லைப்ரரியன் வேலைக்கு ஆள் தேடியபோது சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள் என்பார்கள். நூலகப் பயிற்சி என்ற வஸ்துவைக் கண்ணால் பார்த்தவர் அதில் ஒருவரும் இல்லை. ரங்கநாதனும்தான். இன்டர்வியூவுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் லைப்ரரி பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனார். வேலை கிடைத்துவிட்டது.

1924 ஜனவரியில் சேர்ந்தார். ஒரு வாரத்தில் வெறுத்துப்போனது. வகுப்பறையில் பையன்களோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு, ஆளே வராத அறையில் என்ன வேலை? 'என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள்' என்று போய் நின்றார். 'முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்ப்போம்' என்று சமாதானம் சொல்லிக் கப்பலேற்றினார்கள்.

அங்கேதான் எல்லாம் மாறியது. யுனிவர்சிட்டி காலேஜில் படிப்பு, கிராய்டன் நூலகத்தில் பயிற்சி, இங்கிலாந்து முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களில் ஒரு சுற்று. அவரை அசத்தியது புத்தக அடுக்குகள் அல்ல, அங்கே வந்து போன ஆட்கள். வேலை முடிந்து வரும் தொழிலாளி, கூடையோடு நுழையும் குடும்பத் தலைவி... பள்ளிக்கூடத்தை விட்டு எப்போதோ வெளியேறிய பெரியவர்கள் எல்லாம் தங்கள் வீட்டு முற்றம் மாதிரி லைப்ரரிக்குள் நடமாடினார்கள். பரீட்சை இல்லை, வாத்தியார் இல்லை, பிரம்பு இல்லை. நம் ஊரிலோ லைப்ரரி என்றால் பண்டிதருக்கும் வக்கீலுக்கும் மட்டும் என்று நினைத்திருந்த காலம்.

1925-ல் திரும்பி வந்தவரை அப்புறம் யாராலும் லைப்ரரியிலிருந்து கிளப்ப முடியவில்லை. சுமார் 20 வருஷம் லீவே கிடையாது. 1929-ல் அவருடைய இரண்டாவது கல்யாணம். தாலி கட்டிவிட்டு மத்தியானமே வேலைக்கு வந்துவிட்டார். (அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, யாரும் எழுதி வைக்கவில்லை.) பூட்டியிருந்த புத்தக அலமாரிகளைத் திறந்துவிட்டு, படிப்பவர்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம். 1931-ல் ஐந்து விதிகள் பற்றிய புகழ்பெற்ற புத்தகம். 1933-ல் 'கோலன்' பகுப்புமுறை. இவையெல்லாம் நூலகத் துறை மாணவர்களுக்கு அத்துப்படி. நமக்கு வேண்டியது அந்த 10 பைசா சமாச்சாரம்.

1931 கணக்கெடுப்பில், இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. 'முதலில் எழுத்தறிவு வரட்டும், லைப்ரரி பிறகு பார்க்கலாம்' என்பதுதான் அன்றைய பெரிய மனிதர்களின் வாதம். ரங்கநாதன் இதைத் தலைகீழாகத் திருப்பினார். வளர்ந்த ஆளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் படிக்க எதுவும் தராமல் விட்டால் இரண்டு வருஷத்தில் மறந்துபோகும். படிக்கத் தெரியாதவருக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஆள் வேண்டும், அதுவும் லைப்ரரி வேலைதான் என்றார்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. எஸ்.வி.கனகசபை பிள்ளை என்ற பொறியாளர் வண்டி நிறையப் புத்தகங்களை ஏற்றிச் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அருமையான காரியம். ஆனால், இப்படி ஒரு நல்ல மனுஷர் கிடைத்த ஊருக்குத்தான் வண்டி வரும். கிடைக்காத ஊர்?

நெல்லைக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 1920-ல் திருநெல்வேலியில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை வளர்த்தெடுத்த வ.சுப்பையா பிள்ளை பாளையங்கோட்டைக்காரர். மறைமலையடிகள் விட்டுச்சென்ற புத்தகங்களைக் கொண்டு 1958-ல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் நூலகம் திறந்தார். தமிழ் ஆராய்ச்சி மாணவர்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் தாய்வீடு. பிற்பாடு அந்த நூலகம் கன்னிமாரா வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. தனியார் முயற்சி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஆளுக்கொன்று தர அதனால் முடியாது.

கணக்கு வாத்தியார் இதைக் கணக்காகவே பார்த்தார். லைப்ரரி தர்மகாரியம் அல்ல, தெருவிளக்கு மாதிரி, குடிதண்ணீர் மாதிரி. அப்படியென்றால் சட்டம் வேண்டும், சட்டத்துக்குள் வரி வேண்டும். நன்கொடை இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வராது. வரி வந்துகொண்டே இருக்கும். மசோதாவை எழுதி வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாதாடினார். கடைசியில் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். 1950-ல் அமலுக்கு வந்தது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு, வீட்டு வரி ரூபாய்க்கு அரையணா. அரையணாதான் வளர்ந்து 10 பைசா ஆனது.

இதில் வேடிக்கை, சட்டம் வந்தபோது அதற்காகத் தொண்டை வறண்டவர் ஊரில் இல்லை. காசிக்குப் போய், அங்கிருந்து டெல்லிக்குப் போய்விட்டார். சட்டமும் அவர் நினைத்தபடி முழுசாக வரவில்லை. நூலகங்களுக்குத் தலைமை, கல்வித் துறை இயக்குநரே. ஆயிரம் பள்ளிக்கூடப் பஞ்சாயத்துக்கு நடுவில் அவர் லைப்ரரியை எப்போது பார்ப்பது? தனி இயக்குநர் வர 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் சின்னமனூர் வே.தில்லைநாயகம், நூலகத் துறையே படித்து, அதிலேயே வளர்ந்தவர். அதே 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் ரங்கநாதன் காலமானார். சேமிப்பில் ஒரு லட்ச ரூபாயை 1950-களிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி, தன் மனைவி சாரதாவின் பெயரோடு. கல்யாணத்தன்று விட்டுவிட்டு ஓடியதற்குப் பரிகாரமோ என்னவோ!

சரி, அந்தப் 10 பைசா ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா? இங்கேதான் சிக்கல். வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து. செலவழிப்பது நூலக ஆணைக்குழு. நடுவில் பணம் தங்கிவிடுகிறது. நூலக வரி நிலுவை என்ற செய்தி பல வருஷமாகப் பத்திரிகையில் வந்துகொண்டேயிருக்கும் செய்தி. நம்மிடம் வாங்கியாயிற்று, லைப்ரரிக்குப் போகவில்லை என்றால் கணக்குப் பாஷையில் அதற்குக் கொஞ்சம் கடுமையான பெயர் உண்டு. நகராட்சிக்காரர்களைக் கேட்டால் சம்பளம், தண்ணீர், சாக்கடை என்று அவர்களுடைய கஷ்டத்தைச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், அது வேறு தலைப்பில் வசூலித்த பணம்.

அந்தப் பணம் நிற்கும்போது புதுப் புத்தகம் நிற்கிறது, ஓய்வு பெற்றவருடைய இடத்துக்கு ஆள் வருவது நிற்கிறது. கிளை நூலகத்தில் காலையில் பேப்பருக்காகக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு பேப்பரை நாலாகப் பிரித்து, ஆளுக்கொரு தாளாகக் கையில் வைத்துக்கொண்டு, 'அண்ணாச்சி, விளையாட்டுப் பக்கம் முடிஞ்சா இங்கிட்டுத் தாங்க' என்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு மூலையில் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த தடவை தீர்வை கட்டும்போது, நூலக வரி எவ்வளவு, அது போய்ச் சேர்ந்ததா என்று கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ரசீது உங்கள் கையில்தானே இருக்கிறது.