இலக்கிய வாசிப்பில் நினைவு

இலக்கிய வாசிப்பில் நினைவு என்பது படித்ததை மனத்தில் இருத்திக்கொள்வது மட்டுமன்று. கையிலுள்ள பாட்டுக்குப் பொருள்கொள்ள, முன்பு படித்த பாட்டுகளைத் துணைக்கு அழைப்பதும் ஆகும். சங்க அகப்பாடல்களில் இது வெளிப்படை. முல்லை அரும்பவிழ்ந்தால் கார்காலம் வந்துவிட்டது, வினைமேற் சென்ற தலைவன் மீள்வதாகச் சொன்ன பருவமும் வந்துவிட்டது, அவன்தான் வரவில்லை. இதில் பாதியைப் பாட்டு வாய்விட்டுச் சொல்லாது. முல்லைத் திணைக்குத் தொல்காப்பியம் காரையும் மாலையையும் உரிமையாக்கியதும், அவ்வழியில் எழுந்த பிற பாட்டுகளும் மனத்தில் இருப்பவருக்கே அந்தப் பூ தலைவியின் ஏக்கம். மற்றவருக்கு வெறும் வருணனை.

பழைய உரைகள் இந்த நினைவை நம்பியே எழுதப்பட்டன. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், பல மேற்கோள்களை நூற்பெயர் சுட்டாமலே எடுத்தாண்டார். படிப்பவருக்கும் அவை மனப்பாடம் என்பது அவர் எண்ணம் போலும். 1880-இல் கும்பகோணத்தில் அந்நூலைப் படிக்கத் தொடங்கிய உ.வே.சாமிநாதையருக்கு அதுவே பெரும் தலைவலியாயிற்று. பின்னர்ப் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகளைப் புரட்டியபோது, உரையில் பார்த்த அடிகள் அங்கே எதிர்ப்பட்டன. அவர் மனத்தில் அவை முன்பே பதிந்திராவிட்டால், ஏடு கையில் இருந்தும் அடையாளம் தெரிந்திராது. சமண வழக்குகளையோ, அந்நூலை விடாது படித்துவந்த அவ்வூர்ச் சமணர்களிடம் கேட்டே தெளிந்தார். 1887-இல் அவர் வெளியிட்ட பதிப்பில் அவர்களின் நினைவுக்கும் பங்குண்டு.

நினைவு பிழைபடாதா என்று கேட்கலாம். பிழைபடும். வட அமெரிக்கப் பழங்குடிக் கதையொன்றைப் படித்த ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பச் சொல்கையில், கடல்நாய் வேட்டையை மீன்பிடிப்பாக மாற்றிவிட்டதை உளவியலாளர் பிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். தமக்குப் பழகியதே அவர்களுக்கு நினைவில் நின்றது. நச்சினார்க்கினியரும் தாம் கொண்ட பொருளுக்கேற்ப, எங்கோ கிடக்கும் அடிகளை ‘மாட்டு’ என்று சொல்லி இணைத்தார். மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் இதைக் கடுமையாக மறுத்தார். ஆனால் அந்த மறுப்புக்கும் பாட்டு முழுவதும் மனத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஒருவர் நினைவின் பிழையை இன்னொருவர் நினைவுதான் பிடிக்கிறது. இனி எல்லாவற்றையும் கணினி தேடித் தருமே என்பது வலுவான வாதம். ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று கணக்கெடுக்க அதற்கு நிகரில்லை. எனினும் சொல்லைக் கொண்டு தேடினால், கேட்ட சொல்லைத்தான் அது தரும். ‘முல்லை’ என்று தட்டினால் அச்சொல் உள்ள அடிகள் வரிசையாக வரும். பூவின் பெயரே இல்லாமல், மாலைப்பொழுதில் கன்றை நினைத்து மன்றுக்குத் திரும்பும் பசுக்களை மட்டும் காட்டும் பாட்டு வராது. அதுவும் முல்லைப் பாட்டுத்தான்.