நஸபு ஏடும் கணினியும்

அரக்கோணத்தில் நம் பாட்டனார் விட்டுச்சென்ற கணக்குப் புத்தகம் ஒன்று நம்மிடம் உள்ளது. முன்பாதி தோல் வணிகக் கணக்கு. பின்பாதி குடும்பத்தின் பிறப்பு, நிக்காஹ், மௌத்து விவரம். எழுத்து அரபுத் தமிழ். நாட்கள் எல்லாம் ஹிஜ்ரியில். அவருக்குப்பின் அதனைத் தொடர்ந்து எழுதி வந்தவர் நம் பெரிய தாயார். அவர் ஏட்டின் ஓரங்களில், எந்தக் குழந்தைக்கு யார் பால் கொடுத்தார் என்பதையும் குறித்து வைத்தார்.

சில ஆண்டுகட்குமுன் நம் தம்பி மகன் இவ்வேட்டைக் கணினியில் ஏற்றி, அழகான கிளைப்படம் ஒன்றை அச்சிட்டுச் சுவரில் மாட்டினான். அப்படத்தைப் பார்த்தே குடும்பத்தில் ஒரு சம்பந்தம் பேசப்பட்டது. பையனும் பெண்ணும் முறையானவர்களே எனப் படம் காட்டிற்று. பெண்ணின் தாய் பிரசவத்திலேயே மௌத்தாகி, குழந்தை இரண்டு மாதங்களுக்குப்பின் பெங்களூரில் தாய்வழியாரிடம் வளர்ந்தது. வேறொரு தேதிக்காக ஏட்டைப் புரட்டியபோது ஓரத்தில் இருந்த வரி நம் கண்ணிற் பட்டது. அந்த இரண்டு மாதமும் அக்குழந்தைக்குத் தம் கடைக்குட்டியோடு பால் கொடுத்தவர் பையனின் தந்தைவழிப் பாட்டி! அப்படியாயின் பெண், பையனின் தந்தைக்குப் பால்குடிச் சகோதரி, பையனுக்கு அத்தை, மஹ்ரம். பால் கொடுத்தவரும் அருகிருந்து கண்டவரும் கப்ரில் உறங்குகின்றனர். பையனின் தந்தையோ அக்காலத்தில் சவூதியில் இருந்தவர். பேச்சு நின்றது. "படத்தில் அப்படி ஒரு கோடே இல்லையே, பெரியத்தா" என்றான் தம்பி மகன். பிழை அவனுடையது அன்று. அந்த மென்பொருளில் அதற்கு இடமே இல்லை.

வம்சாவளியை எவ்வடிவில் எழுதுவது என்னும் கேள்வி நமக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 20ஆம் ஆண்டையொட்டி உமர் (ரலி) அவர்கள் திவான் என்னும் பேரேட்டை ஏற்படுத்தியபோது, அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நௌபல், ஜுபைர் இப்னு முத்இம் ஆகிய நஸபு அறிந்த மூவரையே எழுதப் பணித்தார்கள். உதவித்தொகை அவ்வரிசைப்படி வழங்கப்பட வேண்டியிருந்ததால், ஒரு பெயர் பிழைத்தால் ஒரு வீட்டின் உரிமை பிழைக்கும். பின்னர் இப்னுல் கல்பீயும், 1064இல் மறைந்த ஆந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்மும் நஸபுத் தொகுப்புகளை இயற்றினர். நஸபு அறிஞர்கள் இரு முறைகளைக் கையாண்டனர். மூதாதையிலிருந்து மக்களை நோக்கி உரைநடையாக இறங்குவது 'மப்சூத்'. கடைசி மகனிலிருந்து மரம்போல மேலே ஏறுவது 'முஷஜ்ஜர்'. இன்றைய மென்பொருள்கள் வழித்தோன்றல் படம், முன்னோர் படம் என இரண்டாகக் காட்டுபவை இவையேயன்றி வேறல்ல.

கணினி உலகில் இத்துறையைப் பெரிதும் வளர்த்தது அமெரிக்காவின் யூட்டாவிலுள்ள மார்மன் சபை. ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு விவரங்களை மாற்றுதற்குரிய ஜெட்காம் என்னும் பொது வடிவத்தை 1984இல் வெளியிட்டதும் அச்சபையே. அதில் கிரிகோரியன், ஜூலியன், யூத, பிரெஞ்சுப் புரட்சிக்கால நாட்காட்டிகள் இடம்பெற்றன, ஹிஜ்ரிக்கு இடமில்லை. 2021இல் வந்த ஏழாம் பதிப்பிலும் இயல்பாக அமைந்தவை அந்நான்கே. பன்னிரண்டு ஆண்டுகளே நடைமுறையில் இருந்த பிரெஞ்சு நாட்காட்டிக்குக் கிடைத்த இருக்கை ஹிஜ்ரிக்குக் கிட்டவில்லை!

பொது வடிவம் தேவையா என்று கேட்பாருக்கு ஒன்று சொல்வோம். மார்மன் சபை தன் சொந்த மென்பொருளான பி.ஏ.எஃப்.-ஐ 2013இல் கைவிட்டது. புகழ்பெற்ற ஃபேமிலி ட்ரீ மேக்கரை நிறுத்தப்போவதாக அதன் உரிமையாளரான ஆன்செஸ்ட்ரி 2015 டிசம்பரில் அறிவித்தது. 2016இல் வேறொரு நிறுவனம் வாங்கியதால் அது பிழைத்தது. மென்பொருளுக்கும் அஜல் உண்டு. விவரங்களை வெளியே எடுக்க வழியில்லாத எதனையும் நாம் தொடலாகாது.

இணையத்தில் ஏற்றிவைக்கும் சேவைகள் எளியவை. அயல்நாட்டு உறவினரும் உடனே பார்ப்பர். ஆயினும் வீட்டுப் பெண்களின் பெயர்களும் பிறந்த நாட்களும் பிறர் கணினியில் கிடப்பதை நம் மனம் ஒப்பவில்லை. மைஹெரிட்டேஜ் நிறுவனத்திலிருந்து 9 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்த செய்தி 2018இல் வெளியானதை நினைவூட்டுகிறோம்.

பலவற்றையும் பார்த்தபின் நாம் தேர்ந்தது 2001இல் தொடங்கப்பட்ட கிராம்ப்ஸ். இலவசமானது, நம் கணினியிலேயே இருப்பது. ஹிஜ்ரித் தேதியை அப்படியே ஏற்கிறது. கணக்கிட்ட நாட்காட்டியாதலால் நம்மூர்ப் பிறைக்கு ஒரு நாள் முன்பின்னாகலாம்; அது பொறுக்கத்தக்கதே. மேனாட்டார் வழக்கப்படி குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தை பெயரை இட்டால் தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பத்தாராய் அட்டவணையில் பிரிந்து கிடப்பர்; இதிலோ அது தந்தைவழிப் பெயர் எனக் குறிக்க வழியுண்டு. ஊர்களுக்கும் காலம் குறிக்கலாம். 1989வரை வட ஆர்க்காட்டிலும், பின்னர் வேலூரிலும், 2019முதல் இராணிப்பேட்டையிலும் சேர்ந்த அரக்கோணத்தாருக்கு இது சிறு வசதியன்று.

பால்குடி உறவு? இதில் இருவருக்கிடையே 'தொடர்பு' என்று நாமே பெயரிட்டுப் பதியலாம். ஆனால் அது குறிப்பாக நிற்குமேயன்றிக் கிளைப்படத்தில் கோடாக விழாது. ஆகவே சுவர்ப்படத்தில் அத்தகையோர் பெயரருகே சிவப்பு மையால் நாமே புள்ளியிட்டுள்ளோம். கணினிக்காரர்கள் சிரிக்கலாம்.

பெரிய தாயாரின் ஓரக் குறிப்புகள் இருபத்து மூன்று. பதினேழு ஏறிவிட்டன. எஞ்சிய ஆறில் பெயரில்லை. "கிணற்று வீட்டுப் பிள்ளை" என்பதுபோன்ற அடையாளமே உண்டு. அவ்வீடுகளை அறிந்த மூதாட்டியர் இருவர் மேல்விஷாரத்தில் இருக்கின்றனர். ஏட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் புறப்படுகிறோம்.