வண்டிப்பேட்டையிலிருந்து கைப்பேசிச் செயலிக்கு: வாகன நிறுத்தக் கட்டணத்தின் வரலாறு

வாகன நிறுத்தக் கட்டணம் என்பது பொது இடத்திலோ தனியார் இடத்திலோ ஒரு வண்டியைக் குறிப்பிட்ட நேரம் நிறுத்தி வைப்பதற்காகப் பெறப்படும் தொகை. சாலையைக் கடந்து செல்வதற்கு வாங்கும் சுங்கம் வேறு, நிற்பதற்கு வாங்கும் கட்டணம் வேறு. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் வந்தது சரக்குகள் மீதான சுங்கத்தை நீக்கியதால். அதை வண்டி நிறுத்தும் கட்டணத்தோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது. ஆனால் இன்று இரண்டு கட்டணங்களும் ஒரே கைப்பேசி வழியாகவும், கார்க் கண்ணாடியில் ஒட்டிய ஒரே வில்லை வழியாகவும் வாங்கப்படுகின்றன. ஆகவே பிற்பகுதியில் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பேட்டையும் குத்தகையும்

தமிழ்நாட்டில் இக்கட்டணத்தின் பழைய வடிவம் வண்டிப்பேட்டை. சந்தைக்கும் மண்டிக்கும் வரும் மாட்டு வண்டிகள் இரவு தங்குவதற்கு ஊர் எல்லையில் மரநிழலும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள ஒரு திடல் இருக்கும். மாடுகளை அவிழ்த்துக் கட்டி, வைக்கோல் போட்டு, வண்டிக்கடியிலேயே படுத்துக்கொள்வார்கள். பேட்டை என்று முடியும் ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களும் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அவை எல்லாமே வண்டிப்பேட்டைகள் அல்ல, வணிகக் குடியிருப்புகளுக்கும் அப்பெயர் வழங்கியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தத் திடல்கள் உள்ளாட்சிகளின் வருவாய் இனமாயின. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டிப்பேட்டை அமைக்கவும் அதற்குக் கட்டணம் பெறவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. பின்னர் வந்த ஊராட்சிச் சட்டங்களிலும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் உட்பட, வண்டிப்பேட்டை இடம்பெற்றிருக்கிறது. மாட்டு வண்டி மறைந்தும் சொல் மட்டும் சட்டப் புத்தகத்தில் மிஞ்சியது.

வசூலிக்கும் முறைதான் முக்கியம். உள்ளாட்சி நேரடியாக ஆள் வைத்து வாங்குவது குறைவு. உரிமையை ஏலம் விடுவார்கள். அதிகத் தொகை கேட்டவர் குத்தகைதாரர். கட்டிய தொகைக்கு மேல் கிடைப்பது அவருக்கு இலாபம். இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகள் தொடக்கம் முதலே உண்டு: நிர்ணயித்ததைவிடக் கூடுதலாக வாங்குவது, சீட்டு கொடுக்காமல் வாங்குவது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சைக்கிள் ஸ்டாண்டு, சினிமாக் கொட்டகை ஸ்டாண்டு எல்லாம் இதே முறையின் பிள்ளைகள்தான். எண் அடித்த தகர வில்லையைக் கையில் தருவார்கள். அல்லது சீட்டை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை ஹேண்டில்பாரில் கட்டி, மறு பாதியை நம்மிடம் கொடுப்பார்கள். வில்லை தொலைந்துவிட்டால் ஸ்டாண்டுக்காரர் முகம் பார்த்து அடையாளம் கண்டு வண்டியை விடுவார். அந்த மனிதத் தீர்ப்பு எவ்வளவு பெரிய வசதி என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இயந்திரம் வந்த கதை

உலகின் முதல் நிறுத்தக் கட்டண இயந்திரம் 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நிறுவப்பட்டது. கடைவீதியில் வேலை செய்பவர்கள் காலையிலேயே வந்து நாள் முழுவதும் காரை நிறுத்திவிடுவதால், வாங்க வருபவர்களுக்கு இடமில்லை என்று வணிகர்கள் முறையிட்டனர். கார்ல் மாகி என்ற பத்திரிகையாளர் முன்வைத்த யோசனையை ஓக்லஹோமா வேளாண் கல்லூரிப் பொறியாளர்கள் இயந்திரமாக்கினர். ஐந்து சென்ட் நாணயம் ஒன்றைப் போட்டால் ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.

அடுத்த மாதமே முதல் வழக்கு வந்தது. நார்த் என்ற பாதிரியார் காசு போடாமல் காரை விட்டுச் சென்றதாகப் பிடிபட்டார். சில்லறை மாற்றுவதற்காகக் கடைக்குப் போயிருந்தேன் என்பது அவருடைய பதில். நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கட்ட விருப்பம் இருந்தும், இயந்திரம் கேட்கும் வடிவத்தில் பணம் கையில் இல்லை. இந்தச் சிக்கல் இயந்திரத்தோடு கூடவே பிறந்தது என்பதற்காகத்தான் இச்செய்தியை இங்கே குறிப்பிடுகிறேன்.

பிரிட்டனில் 1958 ஜூலை 10 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் முதல் இயந்திரங்கள் வந்தன. கைப்பேசி வழியாகக் கட்டும் முறையில் முன்னோடி எஸ்டோனியா. அந்நாட்டின் தலைநகர் டாலினில் 2000-ஆம் ஆண்டிலேயே குறுஞ்செய்தி அனுப்பி நிறுத்தக் கட்டணம் செலுத்தும் முறை தொடங்கியது. அப்போது திறன்பேசியும் இல்லை, செயலியும் இல்லை. எந்தச் சாதாரணக் கைப்பேசியும் போதுமானதாக இருந்தது.

சிங்கப்பூரில் பல பத்தாண்டுகளாகக் காகிதச் சீட்டு முறை இருந்தது. தேதி, மணி, நிமிடம் அச்சிட்ட சீட்டில் உரிய இடங்களைக் கிழித்து மடக்கிக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். 2017 அக்டோபர் 1 அன்று அரசே ஒரு செயலியை வெளியிட்டது. வண்டி எண்ணையும் நிறுத்துமிடத்தையும் குறிப்பிட்டால் நிமிடக் கணக்கில் கட்டணம் பிடிக்கும். முன்கூட்டியே கிளம்பினால் மீதி திரும்பி வரும். நாடு முழுவதும் பொது நிறுத்துமிடங்களுக்கு ஒரே செயலி. செயலி வந்தவுடன் காகிதச் சீட்டைச் செல்லாததாக்கவும் இல்லை. செயலி முறை ஓரளவு சச்சரவில்லாமல் நிலைபெற்றதற்கு இவ்விரண்டும் காரணம் என்பது என் கருத்து.

பிரிட்டனில் நேர்மாறாக நடந்தது. ஒவ்வொரு நகராட்சியும் ஒவ்வொரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதால், ஊருக்கு ஒரு செயலியை இறக்கிக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டது. 2024-இல் டெர்பி நகரில், அலைவரிசை கிடைக்காமல் ஐந்து நிமிடத்துக்குள் கட்ட முடியாத ஓர் ஓட்டுநரிடம் 1,906 பவுண்டு கேட்டு ஒரு தனியார் நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு வழக்கைக் கைவிட்டது. அதன் விளைவாக, வண்டியை எடுத்துச் செல்வதற்குள் கட்டிவிட்டால் அபராதம் கூடாது என்று 2025 பிப்ரவரியில் நடத்தை விதியைத் திருத்தினார்கள்.

மோசடியும் உடன் வந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 29 கட்டண இயந்திரங்களில் போலியான கியூஆர் வில்லைகள் ஒட்டப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நம் ஊரிலும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் படம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பார்த்துக் கட்டுபவர்கள் எத்தனை பேர்? பணம் போவதற்கு முன் திரையில் தோன்றும் பெயரை மாணவர்கள் படித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

சென்னையில்

இந்தியாவில் இம்மாற்றத்துக்கு அடித்தளம் 2016-இல் விழுந்தது. யுபிஐ முறை அவ்வாண்டு ஏப்ரல் 11 அன்று அறிமுகமானது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டு, டிசம்பர் 30 அன்று பீம் செயலி வந்தது. யுபிஐயில் எந்த வங்கிச் செயலியாலும் எந்தக் கியூஆர் படத்துக்கும் பணம் அனுப்பலாம். ஆகவே பிரிட்டனில் உள்ளது போன்ற 'ஊருக்கொரு செயலி' தொல்லை நமக்கு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டும் முறை ஒன்றானாலும், இடத்தைப் பதிவு செய்யும் முறையை ஒவ்வொருவரும் தனித்தனியாக வைத்துக்கொண்டதால் அத்தொல்லை பின்வாசல் வழியாக வந்தது. கைப்பேசி எண், ஒருமுறைக் கடவுச்சொல், வண்டி எண், வண்டியின் வகை என்று எல்லாவற்றையும் பதிந்த பிறகே பணம் கட்டும் பக்கம் திறக்கும்.

பொலிவுறு நகரங்கள் திட்டத்தின் கீழ் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அதையொட்டி மாநகராட்சியின் நிறுத்த மேலாண்மைத் திட்டமும், அதற்கான செயலியும் நடைமுறைக்கு வந்தன. காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய் என்பது அப்போது பொதுவான கட்டணமாக இருந்தது. காலியிடம் எங்கே என்று செயலியில் பார்த்துவிட்டு வரலாம் என்பது இதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் தெருவில் நிற்கும் வசூல் பணியாளர் இல்லாமல் இத்திட்டம் ஓடவில்லை. அவர் கையில் ஒரு கருவி, நம் கையில் ஒரு கைப்பேசி, இரண்டுக்கும் இடையே வேலை செய்யாத இணையம். பிறகு வசூல் பொறுப்பு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவிடம் சென்றது. அந்த ஒப்பந்தம் முடிந்ததால், புதிய ஏற்பாடு வரும்வரை மாநகராட்சி நிறுத்துமிடங்களில் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என 2025-இல் மாநகராட்சி அறிவித்தது. செயலி வந்தும் குத்தகை என்ற பழைய எலும்புக்கூடு மாறவில்லை.

தனியார் இடங்களில் நிலைமை இன்னும் கடினம். உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குப் பெரும்பாலோர் கார் எடுத்துச் செல்வது மருத்துவமனைக்காக. அங்கே நிறுத்துமிடம் நிலத்தடியில் இருக்கும். நிலத்தடியில் அலைவரிசை இருக்காது. கடவுச்சொல் குறுஞ்செய்தி வராது. நடக்க முடியாத நோயாளியைக் காரில் உட்கார வைத்துவிட்டு, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரிவுப் பாதையில் ஏறி வரும் முதியவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவனாக நானும் நின்றதுண்டு. பணமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், 'சிஸ்டம்ல ஆப்ஷன் இல்ல சார்' என்பார் அந்தப் பையன். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவருக்குத் தடுப்புக் கட்டையைத் தூக்கும் அதிகாரம்கூடக் கிடையாது.

1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி ரூபாய் நோட்டு சட்டப்படி செல்லத்தக்க பணம். ஆனாலும் நுழைவாயிலில் 'ரொக்கம் பெறப்படாது' என்று எழுதி வைத்துவிட்டு அதையே நிபந்தனையாக்கிக்கொள்கிறார்கள். திறன்பேசி இல்லாதவர்களுக்காக 2022 மார்ச்சில் 'யுபிஐ 123பே' என்ற முறை வந்தது. சாதாரணக் கைப்பேசியில் அழைப்பு வழியாகவே பணம் அனுப்பலாம். ஆனால் கியூஆர் படத்தை மட்டும் நீட்டுகிற வாயிலில் அது உதவுவதில்லை. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுவதும் சில மணி நேரம் தடுமாறியபோது, திறன்பேசி வைத்திருந்தவர்களும் அதே நிலைக்கு ஆளானார்கள்.

கண்ணாடி வில்லை

செயலியின் தொல்லைக்கு விடையாகச் சொல்லப்படுவது ஃபாஸ்டேக். ரேடியோ அலையால் படிக்கப்படும் வில்லை அது. முன்பணத்திலிருந்து கட்டணம் தானே கழியும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாயிற்று. இல்லாதவர்கள் அப்போது இரு மடங்கு கட்ட வேண்டியிருந்தது. ஹைதராபாத் விமான நிலைய நிறுத்துமிடத்தில் இது முதலில் சோதிக்கப்பட்டது. 2021 ஜூலையில் டெல்லி காஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்தில் ஃபாஸ்டேக்கால் இயங்கும் நிறுத்துமிடம் வந்தது. வாயிலில் நிற்காமலே செல்லலாம் என்பது உண்மையான நன்மை, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வில்லையைப் பராமரிப்பது மீண்டும் கைப்பேசியில்தான். 2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் வங்கி எடுத்த நடவடிக்கையால், பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கியின் ஃபாஸ்டேக்கில் மார்ச் 15-க்குப் பிறகு பணம் நிரப்ப முடியாமல் போனது. அதை வைத்திருந்தவர்கள் வேறு வங்கியின் வில்லையை வாங்க நேர்ந்தது. அதே ஆண்டு 'ஒரு வாகனத்துக்கு ஒரு வில்லை' விதி வந்தது. 2025-இல் வண்டியையும் வில்லையையும் படமெடுத்துப் பதிவேற்றச் சொன்னார்கள். விவரம் புதுப்பிக்கப்படாத வில்லை, பணம் இருந்தாலும் முடங்கும். எங்கள் ஊரில் இவற்றையெல்லாம் செய்து தருவது கடைத்தெருவில் உள்ள கணினி மையமும் கைப்பேசிக் கடையும்தான். கட்டணம் இல்லாத சேவைக்கு அங்கே ஒரு கட்டணம் உண்டு.

வாங்கிய பணத்துக்குக் கணக்கு யார் காட்டுவது என்ற கேள்விக்கு உத்திரமேரூரில் ஒரு பழைய விடை இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. பாடநூலில் அதை மட்டுமே படிக்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது என்ற விதியும் அதே கல்லில் இருக்கிறது. செயலி வழி வசூலில் ஒவ்வொரு ரூபாயும் தானாகவே பதிவாகிறது. கணக்கை மறைப்பது முன்பைவிடக் கடினம். குத்தகைதாரர் சீட்டில்லாமல் வாங்கிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். எந்தத் தெருவில் எவ்வளவு வசூலானது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டால் அந்த முன்னேற்றம் முழுமையாகும்.

2025 நவம்பர் 15 அன்று சுங்கச்சாவடி விதி சற்றுத் தளர்ந்தது. வில்லை இல்லாமலோ இயங்காமலோ போனால், ரொக்கமாகக் கட்டுபவருக்கு இரு மடங்கு, யுபிஐயில் கட்டுபவருக்கு ஒன்றேகால் மடங்கு என்று அப்போது விதிக்கப்பட்டது. நூறு ரூபாய்க் கட்டணத்துக்கு நோட்டுடன் நின்றவர் 200 ரூபாயும், திறன்பேசியுடன் நின்றவர் 125 ரூபாயும் தர வேண்டியிருந்தது. வில்லையிலிருந்து தவறாகப் பணம் கழிந்திருந்தால், வில்லை வழங்கிய வங்கியிடமோ, நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற உதவி எண்ணிலோ முறையிடலாம். அந்த எண்ணுக்குச் சாதாரணக் கைப்பேசியிலிருந்தும் பேசலாம்.